தலையாட்டுவதும் வாய் திறப்பதும்



எஸ்.பி.எம். முடிவு வந்த சில வாரங்களில், ஆண்டுதோறும் நம் தோட்டங்களில் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. பிள்ளை டவுனுக்கு வேலைக்குப் புறப்படும். தாய் நாலு உருப்படி துணி, சான்றிதழ்களின் நகல், ஒரு போத்தல் ஊறுகாய் எல்லாவற்றையும் பையில் அடுக்குவாள். பஸ் வரும் நேரத்தில் புத்திமதியையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பாள்: “பெரியவங்க சொன்னபடி கேட்டு நடந்துக்க. எதுத்துப் பேசாதே. நீ உண்டு ஒன் வேல உண்டுன்னு இரு.”

இந்தப் புத்திமதியைப் பற்றித்தான் இம்முறை எழுத நினைக்கிறேன். அதைக் கெட்ட புத்திமதி என்று சொல்ல வரவில்லை. பல தலைமுறைகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்தன. ஆனால் காசு மாதிரிதான் புத்திமதியும். ஓர் ஊரில் செல்லும் காசு இன்னோர் ஊரில் செல்வதில்லை.

இந்தக் காசு அடிக்கப்பட்ட இடத்தை முதலில் பார்ப்போம். தோட்டத்து வேலை பெரட்டுக் களத்தில் தொடங்குகிறது. விடிவதற்கு முன்னே வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். துரை சின்னத் துரைக்குச் சொல்வார், அவர் கிராணிக்கு, கிராணி தண்டலுக்கு, தண்டல் நமக்கு. உத்தரவு மேலிருந்து படிப்படியாக இறங்கி வரும். கீழேயிருந்து மேலே போக உரிமை பெற்றது ஒன்றே ஒன்றுதான்: எண்ணிக்கை. இன்றைக்கு எத்தனை ஆள், அன்றைக்கானால் எத்தனை கிலோ பால், இன்றைக்கானால் எத்தனை பழக்குலை. இவை தவிர வேறு செய்தி மேலே போனால் வில்லங்கம்தான்.

கங்காணி காலத்தில் இது இன்னும் இறுக்கமாக இருந்தது. உடலுழைப்புத் தொழிலாளர்கள் மலாயாவுக்குப் புறப்படுவதை இந்திய அரசாங்கம் 1938-ஆம் ஆண்டில் தடை செய்ததோடு அந்த ஆள்கட்டும் முறை முடிவுக்கு வந்தது. அது இருந்தவரை, தன் ஆட்களில் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அவர் பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், கடன் கொடுத்தவர், சில வேளை உறவுக்காரரும்கூட. அவர்மேல் புகார் சொல்வது வேலையிடத்துப் புகாராக நிற்காது, குடும்பச் சண்டையாகிவிடும். வீடோ தோட்டத்து வீடு. வேலை போனால் லயத்து வீடும் போகும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் மாறும். இப்படிப்பட்ட இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது கோழைத்தனமல்ல, கணக்குத் தெரிந்தவன் செய்யும் காரியம்.

இனி அந்தக் காசு செல்லாமல் போன கதைக்கு வருவோம்.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பையன் ஒருவன். பெயர் வேண்டாம். கணக்கில் சூரன். தொழிற்பயிற்சி முடித்து, சிலாங்கூரில் ஜப்பானியருக்குச் சொந்தமான ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். பிளாஸ்டிக் உறுப்புகளை அச்சில் வார்த்தெடுக்கும் பிரிவு. ஓர் இரவு ஷிப்டில், வந்து விழும் பொருளின் ஓரத்தில் மெல்லிய பிசிறு இருப்பதைக் கவனித்தான். அச்சு சரியாக மூடவில்லை என்பது அவனுக்கே விளங்கிவிட்டது. ஆனால் இயந்திரத்தை அமைத்து வைத்தவர் லைன் லீடர். வயதில் மூத்தவர், அனுபவஸ்தர். அவர் வைத்ததை, நேற்று வந்தவன் தப்பு என்று சொல்வதா? காலையில் அவரே பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டான். விடிந்தபோது ஓர் இரவின் உற்பத்தி முழுவதும் கழிவுத் தொட்டிக்குப் போயிற்று.

ஜப்பானிய மேலாளர் வந்து, “யார் கெடுத்தது?” என்று கேட்கவில்லை. “நீ எத்தனை மணிக்குப் பார்த்தாய்?” என்று கேட்டார். இரண்டு மணிக்கு என்றான். “இரண்டு மணியிலிருந்து ஏழு மணி வரை ஏன் சொல்லவில்லை?” நம் பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பெரியவர் கண்டிக்கும்போது பதில் பேசாமல் நிற்பதுதானே நாம் கற்றுக்கொடுத்த மரியாதை? அவரோ ஒரு மன்னிப்பையும் ஒரு விளக்கத்தையும் எதிர்பார்த்தார். இரண்டும் வரவில்லை. மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டு, எதையோ மறைக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த வாரமே பையன் வேலையை விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தான்.

“கெடுத்தவர விட்டுட்டு என்னைப் புடிச்சிக்கிட்டாங்க சார்,” என்றான். அவன் நெஞ்சில் அது அநியாயம். அந்த மேலாளரின் நெஞ்சிலோ அதுதான் நியாயம்.

ஜப்பானியர் மேல் கீழ் பார்க்காதவர்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். யார் எவ்வளவு குனிந்து வணங்க வேண்டும், கூட்டத்தில் யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதற்கெல்லாம் அங்கே முறை இருக்கிறது. ஆனால் அவர்கள் மரியாதைக்குள் இன்னொன்றும் அடக்கம். ‘ஹோரென்சோ’ என்று ஒரு சொல் அங்கு அலுவலகங்களில் வழங்குகிறது. அறிவித்தல், தகவல் தருதல், கலந்து பேசுதல் என்ற மூன்று சொற்களின் தலையெழுத்தைச் சேர்த்துச் செய்தது. அதே ஒலியில் அவர்கள் மொழியில் பசலைக் கீரைக்கும் பெயர். ஆகவே புதிதாகச் சேர்ந்தவனுக்கும் மறக்காது. கெட்ட செய்தியை முதலில், உடனே சொல்ல வேண்டும்; அதுவே மூத்தவருக்குக் காட்டும் மரியாதை. டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் வரிசை நெடுகிலும் ஒரு கயிறு ஓடும். குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். தீராத குறையென்றால் வரிசையே நின்றுவிடும். கண்டும் இழுக்காமல் விடுவதுதான் அங்கே குற்றம். நம் பையன் அன்று இரவு இழுக்காமல் விட்ட கயிறு அதுதான்.

நம் நாட்டில் இதையெல்லாம் கற்க வேண்டும் என்றுதான், பிரதமராக இருந்த டாக்டர் மகாதீர் 1982-ஆம் ஆண்டில் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தார். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் படிக்கவும் பயிற்சி பெறவும் ஜப்பானுக்குப் போனார்கள். அந்த ஆண்டுகளில் அரசாங்க அலுவலகங்களில் பெயர்ப் பட்டையை நெஞ்சில் குத்திக்கொள்வதும், வருகை அட்டையைக் கடிகாரத்தில் பதிவதும் வந்தன. அவை சுலபமாக வந்துவிட்டன. கயிற்றை இழுக்கும் பழக்கம்தான் அவ்வளவு சுலபத்தில் கப்பலேறி வரவில்லை.

பையனின் தாயாரைப் பிறகு ஒருநாள் சந்தித்தேன். இன்றும் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்பவர். “வாயை மூடிக்கிட்டு இருன்னு நாந்தாங்க சார் சொல்லி அனுப்புனேன்,” என்றார். சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். “எங்கூட வேல செஞ்ச அக்கா ஒருத்தங்க, பம்பு ஒழுகுது, முதுகெல்லாம் மருந்து நனையுதுன்னு தண்டல்கிட்டச் சொன்னாங்க. மறுநாள் பெரட்டுல அவங்க பேரு இல்ல. நாலு நாள் வீட்டுல. அஞ்சாம் நாள் போனா, அதே பம்பு.”

இந்த அம்மாளிடம் போய், மனம் திறந்து பேசினால் நன்மை உண்டு என்று நான் பாடம் நடத்த முடியுமா? மகனுக்கு அவர் கொடுத்தது, தம் முதுகில் பட்டு அறிந்த உண்மை.

ஜப்பானியர் கதை இப்படியென்றால், அமெரிக்கர் கதை வேறு. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972-ஆம் ஆண்டில் தொடங்கியபோது வந்திறங்கிய அமெரிக்கக் கம்பெனிகளில் இன்டெல்லும் ஹியூலெட் பேக்கார்டும் அடங்கும். இந்த இரண்டாவது கம்பெனியை நிறுவிய இருவரையும் சாதாரணத் தொழிலாளர்கூட ‘பில்’, ‘டேவ்’ என்றுதான் அழைப்பார்களாம். மேலாளருக்குத் தனி அறைக்குப் பதிலாக எல்லாரும் காணும்படி ஒரு மேசை. எந்நேரமும் கதவு திறந்திருக்கும் என்பார்கள். நம்மவருக்கு உள்ளே நுழையத்தான் கால் வராது.

கெடா மாநிலத் தோட்டத்துப் பெண் ஒருத்தி அப்படியொரு கம்பெனியில் டெக்னீஷியனாகச் சேர்ந்தாள். அவள் மேலாளர் வெள்ளைக்காரர், அவள் அப்பா வயது. பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். நாக்கு எழவில்லை. ‘சார்’ என்றால் அவர் முகம் சுளித்தார். ஆகையால் ஓராண்டுக் காலம் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல், எதிரே போய் நின்று தொண்டையைச் செருமிச் செருமியே சமாளித்தாளாம்! இதைச் சொல்லி அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

சிரிக்க முடியாதது ஆண்டிறுதியில் வந்தது. இந்த ஆண்டு நீ சாதித்தது என்ன என்று ஒரு பாரத்தில் நீயே எழுதித் தா என்றார்கள். அவள் எழுதியது ஒரே வரி: கொடுத்த வேலைகளை ஒழுங்காகச் செய்தேன். பக்கத்து மேசைக்காரர் இரண்டு பக்கம் நிரப்பினார். அதில் பாதி இவள் செய்த வேலை. சம்பள உயர்வு யாருக்கு அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது அற்பத்தனம் என்று நாம் வளர்க்கிறோம். செய்தவள் சொல்லாவிட்டால் மேலிருப்பவர் எப்படியும் பார்த்துக் கண்டுகொள்வார் என்றும் நம்புகிறோம். அமெரிக்கரோ, நீ சொல்லாததை நான் எப்படி அறிவேன், அறிந்ததுபோல் நடிப்பது உனக்கே அவமதிப்பல்லவா என்கிறார். ஜப்பானியர் கேட்பது கோளாறை. அமெரிக்கர் கேட்பது கோளாறோடு உன் பெருமையையும். நம் பிள்ளைக்கு முதலாவதைவிட இரண்டாவதுதான் கடினம்.

இந்த வேறுபாடுகளை அளந்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். ஹாலந்து நாட்டு அறிஞர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட. ஐ.பி.எம். கம்பெனியின் பல நாட்டுக் கிளைகளில் 1967 முதல் 1973 வரை ஊழியர்களிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களுக்கு விடை வாங்கி, 1980-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைக் கீழே இருப்பவர் எவ்வளவு தூரம் இயற்கை என்று ஏற்றுக்கொள்கிறார் என்பது அவர் வைத்த அளவுகோல்களில் ஒன்று. பின்னர் விரிவாக்கிய பட்டியலில் அமெரிக்காவுக்கு 40, ஜப்பானுக்கு 54, சிங்கப்பூருக்கு 74, இந்தியாவுக்கு 77. மலேசியாவுக்கு 104! நூற்றுக்கு நூற்று நான்கு வாங்கிய நாட்டை என் ஆசிரியத் தொழிலில் இப்போதுதான் பார்க்கிறேன்.

இந்தக் கணக்கில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவர் கேட்டதெல்லாம் ஒரே கம்பெனியின் ஊழியர்களை. பால் வெட்டுகிறவரை யாரும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய வழக்கு, இப்படி எண் போட்டதைப் படிப்பவர்கள், ‘மலேசியர்கள் பிறவியிலேயே தலையாட்டுகிறவர்கள், இந்தியர்கள் ரத்தத்திலேயே பணிவு’ என்று எழுதிவிடுவதுதான். தோட்டத்தில் பிறந்தவன் என்ற முறையில் அதை நான் ஒப்ப மாட்டேன். சாட்சிக்கு 1941-ஆம் ஆண்டைக் கூப்பிடுகிறேன்.

அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் பெரும் வேலை நிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளிக்கு நிகரான சம்பளம், மருத்துவ வசதி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, கள்ளுக்கடை மூடல் எல்லாம் கோரிக்கையில் இருந்தன. அவற்றோடு ஒரு சைக்கிளும் இருந்தது. துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் அக்காலத்தில் இருந்தது. இனி இறங்க மாட்டோம் என்றார்கள். பேசவும் கூட்டம் கூடவும் சுதந்திரம் கேட்டார்கள். குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது என்பதையும் தனியொரு கோரிக்கையாக எழுதிக் கொடுத்தார்கள். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

பெற்றோரே, அந்தக் கடைசிக் கோரிக்கையை இன்னொரு தடவை படியுங்கள். குறை சொன்னவனைப் பழிவாங்காதே. மருந்தடிக்கும் அந்த அம்மாள், பெரட்டில் பெயர் இல்லாமல் போன அக்காளைப் பற்றிச் சொன்னதும் இதுதானே? ஆகவே மௌனம் நம் ரத்தத்தில் இல்லை. பேசினால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்துப் பார்த்துப் படித்த பாடம் அது. டொயோட்டாக் கயிற்றைத் தோட்டத்தில் கட்டி, இழுத்தவனுக்கு நாலு நாள் வேலை இல்லை என்று வைத்துப் பாருங்கள். ஜப்பானியனும் இழுக்க மாட்டான்.

இதில் ஒரு வேதனையையும் சொல்லிவிட வேண்டும். இப்போது பல தோட்டங்களில் குலை வெட்டுபவர்கள் லொம்போக் தீவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். தண்டல் நம்மவர். அவர்களை நம்மவர் அதட்டும் குரலைக் கேட்டால், அந்தக் காலத்துத் துரையின் குரல் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை. அந்த லொம்போக் பையனும் தலை குனிந்துதான் நிற்கிறான். ‘இவனுங்க இப்படித்தான், ஒண்ணும் சொல்ல மாட்டானுங்க’ என்று நம்மவர் அலுத்துக்கொள்கிறார்.

வெளிநாட்டுக்காரர் வழியெல்லாம் பொன் என்றும் நினைக்க வேண்டாம். வேலை செய்தே சாவதற்கு ‘கரோஷி’ என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள் ஜப்பானியர்கள். மிகைநேர வேலைக்குச் சட்டத்தால் உச்சவரம்பு கட்ட அவர்களுக்கு 2018-ஆம் ஆண்டு வரை ஆயிற்று. பெயர் சொல்லிக் கூப்பிடும் அமெரிக்கர் விஷயமும் அப்படியே. 1985-ஆம் ஆண்டில் மின்னணுத் தொழில் சரிந்தபோது பினாங்கில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள். பெயர் சொல்லிப் பழகியது யாரையும் காப்பாற்றவில்லை. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் லயமே கூடி நிற்கும். யாரிடமும் பாரம் வாங்க வேண்டியதில்லை. கம்பெனியிலோ இரங்கல் விடுப்புக்குப் பட்டியல் உண்டு: தாய், தகப்பன், கணவன், மனைவி, பிள்ளை. பெரியம்மா இறந்தால்? அவள் தாய்க்குச் சமம் என்பது நமக்குத்தான் தெரியும். கம்பெனியின் ஏட்டில் அவள் வெறும் ‘ஆண்டி’.

அந்தப் பையன் இப்போது பூச்சோங்கில் ஒரு சீனரின் பட்டறையில் அச்சு செய்யும் வேலையில் இருக்கிறான். அது மூன்றாவது உலகம். பாரமும் கிடையாது, கூட்டமும் கிடையாது. தவுக்கே பட்டறை நடுவிலேயே நின்று கத்துவார். பத்து நிமிஷம் கழித்துத் தம் காசில் எல்லாருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுப்பார். சீனப் புத்தாண்டுக்கு அங்பாவ் தவறாது. நான் போயிருந்த அன்று, நம் பையன் ஓர் உறுப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “தவுக்கே, இனி தா போலே!” என்று இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தான். அவரும் பதிலுக்குக் கத்தினார். இருவர் முகத்திலும் கோபம் இல்லை. கத்துவதற்கு இடம் கொடுக்கும் பட்டறையில் பிள்ளைக்கு வாய் தானாக வந்துவிட்டது.

பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ‘எதிர்த்துப் பேசாதே’ என்பதை விட்டுவிட வேண்டாம். ‘கெட்டதைக் கண்டால் உடனே சொல்’ என்பதையும் பக்கத்தில் வையுங்கள். எதிர்ப்பது வேறு, அறிவிப்பது வேறு என்பது நம் வீட்டிலேயே பழக வேண்டிய ஒன்று. பிள்ளை கண்ணாடித் தம்ளரை உடைத்துவிட்டு வந்து தானே சொன்னால், அடிக்கு முன் அதைச் சொன்னதற்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கட்டும்.

என் வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பத்து நிமிஷம் ஒரு பயிற்சி நடக்கிறது. மூன்றே வாக்கியம்: நான் பார்த்தது இது, இத்தனை மணிக்குப் பார்த்தேன், இப்போது என்ன செய்யட்டும்? தமிழில் ஒரு முறை, மலாயில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. ‘போலே தான்யா?’ என்று தொடங்கினால் எந்த மலாய் மேலதிகாரிக்கும் கோபம் வராது. கேட்கலாமா என்று கேட்டுவிட்டுக் கேட்பது அவர்கள் பண்பாட்டுக்கும் இசைந்தது. பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாக இருக்கிறது. தண்டலாக நடிக்க மட்டும் எல்லாருக்கும் ஆசை.

இன்னொன்று, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பிள்ளைகள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது. கோளாறு கண்டால் முதலில் யாரிடம் சொல்வது, அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார், இரவு ஷிப்டில் யார் தொலைபேசி எண். இரங்கல் விடுப்பு யார் யாருக்கு என்பதையும் கேட்கட்டும். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். பட்டியலில் பெரியம்மாவும் சித்தப்பாவும் இல்லையென்றால், ஆண்டு விடுப்பில் இரண்டு நாளை எடுக்காமல் ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது.